வின்னிபெக் பையனின் கால்

1910-களில் ஸ்காட்லாந்திலிருந்து கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறிய ஒரு தொழிலாளி வீடு. அந்த வீட்டுப் பையன் டாமி டக்ளஸின் முழங்காலுக்கருகே எலும்பு சீழ்பிடித்துப் புரையோடியிருந்தது. நிபுணரிடம் காட்டக் காசில்லை. காலை எடுத்துவிடுவதுதான் வழி என்று முடிவாகியிருந்த நேரத்தில், அறுவைசிகிச்சை நிபுணர் ஒருவர் தற்செயலாக அவனைப் பார்த்தார். “பணம் வேண்டாம். என் மாணவர்கள் கூட நின்று பார்க்கட்டும், போதும்” என்றார்.

கால் பிழைத்தது. பணக்கார வீட்டில் பிறந்திருந்தால் அந்த அதிர்ஷ்டமே தேவைப்பட்டிருக்காது என்ற எண்ணம் மட்டும் டக்ளஸின் மனதைவிட்டுப் போகவில்லை. சஸ்காச்சுவானில் பாதிரியாரானார். பஞ்சமும் வறட்சியும் வாட்டிய 1930-களில், வைத்தியத்துக்கு வழியில்லாமல் செத்த இளைஞர்களை அடக்கம் செய்துவைத்தார். பிரசங்கம் போதாது என்று அரசியலில் இறங்கினார்.

1944-இல் மாகாணப் பிரதமரானார். 1947-இல் மருத்துவமனைச் செலவு முழுவதற்கும் பொதுக் காப்பீடு வந்தது. அடுத்தது டாக்டர் ஃபீஸ். அங்கேதான் டாக்டர்களே குறுக்கே நின்றார்கள்.

1961-இல் தேசிய அளவிலான கட்சி ஒன்றுக்குத் தலைமையேற்க டக்ளஸ் பதவி விலக, பாரம் அடுத்து மாகாணப் பிரதமரான உட்ரோ லாய்டின் தோளில் விழுந்தது. 1962 ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், அதே மாகாணத்தின் தலைநகர் ரெஜைனாவில் டக்ளஸ் தோற்றார். ஜூலை 1-ஆம் தேதி, டாக்டர் ஃபீஸுக்கும் பொதுக் காப்பீடு தரும் மாகாணச் சட்டம் அமலானது. அன்றே பெரும்பாலான கிளினிக்குகள் இழுத்து மூடப்பட்டன.

அரசாங்கத்தின் கையாளாகிவிடுவோமோ என்பது டாக்டர்களின் பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே ஓடுவது என்பது தாய்மார்களின் பயம். பிரிட்டனிலிருந்து மாற்று டாக்டர்கள் வந்திறங்கினார்கள். சட்டசபை முன் திரண்ட எதிர்ப்புக் கூட்டமோ, எதிர்பார்த்ததில் ஒரு சிறு பகுதிதான். டாக்டரும் பிரபுவுமான ஸ்டீபன் டெய்லர் லண்டனிலிருந்து வந்து, நேரில் பேச மறுத்த இரு தரப்புக்கும் நடுவே நடையாய் நடந்தார். 23-ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தானது: டாக்டர்கள் தனியாகவே தொழில் செய்யலாம், பில்லை அரசுக் காப்பீடு கொடுக்கும்.

இன்னொரு திருப்பம் பாக்கியிருந்தது. டாக்டர்கள் சங்கம் கேட்டுக்கொண்டதால் மத்திய அரசு ஏற்கெனவே ஒரு விசாரணை ஆணையம் அமைத்திருந்தது. அதன் தலைவர் நீதிபதி எமெட் ஹால் 1964-இல் அளித்த அறிக்கை, சஸ்காச்சுவானின் வழிதான் நாடு முழுவதற்கும் வேண்டும் என்றது.

1966-இல் மத்தியச் சட்டம் வந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்தன. கனடாவில் மருத்துவமனைக் கவுன்டரில் சர்வசாதாரணமாக நீட்டப்படும் சுகாதார அட்டை பிறந்த கதை இது. பிரசவமோ இதய அறுவையோ, அந்த அட்டை இருந்தால் பில் வீட்டுக்கு வராது. பல் வைத்தியத்துக்கும் கடையில் வாங்கும் மாத்திரைக்கும்தான் அது பெரும்பாலும் இன்னும் செல்லாது.