வேலை நாள்களில் எளிய இரவு உணவு: நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும்

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு உணவு, மருந்துக்கு இணையான கவனத்தை வேண்டுவது. ஆனால், பகல் முழுவதும் உழைத்துத் திரும்பும் வீடுகளில் சமைப்பதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. பசியும் களைப்பும் மிகுந்த அவ்வேளையில் சோறு அளவின்றிச் சேர்கிறது. காய்கறி விடுபட்டுப் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை அதன் இடத்தைப் பிடிக்கின்றன. மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை அளவு உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரை மணி நேரத்தில் சமைத்து, வீட்டிலுள்ள அனைவரும் உண்ணக்கூடிய இரவு உணவை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

தனிச் சமையல் தேவையில்லை

அரியலூர் மாவட்டத்தின் ரெட்டிபாளையம் பகுதியில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைத் தொழிலும் உள்ளன. சுற்றுவட்டாரங்களிலும் அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்திலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை பயிராகின்றன. வீட்டில் ஒருவர் மாற்றுப்பணிக்கும் மற்றொருவர் வயல் வேலைக்கும் சென்று திரும்பும்போது, நோயாளிக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவ்வாறு தொடங்கும் தனிச் சமையல் பெரும்பாலும் சில நாள்களில் நின்றுவிடுகிறது.

நீரிழிவு உள்ளவருக்கு ஏற்ற உணவு, பெரும்பாலும் வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்ற உணவே ஆகும். ஆகவே ஒரே சமையலைச் செய்து, தட்டில் வைக்கும் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளவும். வளரும் பிள்ளைகளும் கடின உடலுழைப்பு உடையவர்களும் சோற்றைச் சற்றுக் கூடுதலாக உண்ணலாம்.

தட்டை எவ்வாறு நிரப்புவது?

- தட்டில் பாதி: கீரை, அவரை, கத்தரி, சுரை, பீர்க்கு, புடலை, வெண்டை போன்ற காய்கறிகள். உருளை, மரவள்ளி, சேனை ஆகிய கிழங்குகளை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது.
- கால் பங்கு: பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன்.
- கால் பங்கு: சோறு, சிறுதானியம், இட்லி, சப்பாத்தி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 250 கிராம் தானியமும் பரிந்துரைக்கின்றன. இவை சமைப்பதற்கு முந்தைய எடைகள். நம் வீடுகளில் இக்கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

சிறுதானியம் என்பதால் அளவின்றி உண்ணலாம் என்று எண்ண வேண்டாம். அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. மேலும், கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அது விரைவில் செரித்துச் சர்க்கரையை வேகமாக உயர்த்தக்கூடும். கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகச் செய்து, பருப்புடன் மென்று உண்பது நல்லது.

உப்பு: சமையலிலும் தட்டிலும்

ஒருவர் ஒரு நாள் முழுவதும் உண்ணும் உப்பு 5 கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைப்பதால் பயனில்லை. எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவை உப்புக் குறைவை ஈடுசெய்யும்.

உப்புக்கு மாற்றாகக் கடைகளில் விற்கப்படும் சில பொருள்களில் பொட்டாசியம் உள்ளது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

அரை மணி நேரத்தில் மூன்று உணவுகள்

கீழ்க்காணும் அளவுகள் நால்வருக்கானவை. ஒரு குவளை என்பது 200 மில்லி லிட்டர். ஒவ்வொன்றிற்கும் உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மிகாமலும், எண்ணெய் நான்கு தேக்கரண்டிக்கு மிகாமலும் இருக்கட்டும்.

1. வரகு காய்கறிக் கிச்சடி. வரகரிசி 1 குவளை, பாசிப்பருப்பு அரைக் குவளை, நறுக்கிய அவரை, கேரட், பீர்க்கங்காய் ஆகியவை சேர்ந்து 4 குவளை. குக்கரில் எண்ணெய் விட்டுச் சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவற்றை வதக்கவும். காய்கறிகளையும் கழுவிய வரகையும் பருப்பையும் சேர்த்து, 5 குவளை நீர் ஊற்றி, மூன்று விசில் வரும்வரை வேகவிடவும். வரகு இல்லையெனில் நியாயவிலைக் கடை அரிசியிலும் இதே அளவில் செய்யலாம்.

2. முருங்கைக்கீரைக் கேழ்வரகு அடை. கேழ்வரகு மாவு 2 குவளை, ஆய்ந்த முருங்கைக்கீரை 2 கைப்பிடி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 2. வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, எட்டு அடைகளாகத் தட்டிச் சுட்டெடுக்கவும். ஒருவருக்கு இரண்டு அடைகள் போதும். கடைந்த துவரம்பருப்பும் ஏதேனும் ஒரு காய்ப் பொரியலும் உடன் இருக்க வேண்டும்.

3. தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு. தட்டைப்பயறு 1 குவளையைக் காலையில் வேலைக்குச் செல்லும் முன் ஊறவைக்கவும். மாலையில் அதைக் குக்கரில் வேகவைத்து, வதக்கிய சின்ன வெங்காயம், தக்காளி, கால் கிலோ கத்தரிக்காய், மிளகாய்த்தூள், சிறிது புளிக்கரைசல் ஆகியவற்றுடன் கொதிக்கவிடவும். நீரிழிவு உள்ளவர் ஒரு குவளை சோறு, ஒன்றரைக் குவளை பயற்றுக் குழம்பு, ஒரு கிண்ணம் கீரை என உண்ணலாம்.

நேரத்தை மிச்சப்படுத்தும் முன்னேற்பாடுகள்

- பயறு ஊறவைத்தல், வெங்காயம் உரித்தல், கீரை ஆய்தல் ஆகியவற்றை முந்தைய இரவிலோ காலையிலோ முடித்துவிடவும். இவற்றை வீட்டிலுள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம்.
- காய்கறிகளைக் கழுவிய பின் நறுக்கவும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் அன்றன்றைக்கு நறுக்குவதே பாதுகாப்பானது.
- சமைத்த உணவு மீந்தால் இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கும்வரை ஒருமுறை மட்டும் சூடாக்கி உண்ணவும்.

மாற்றுப்பணி செய்வோர் கவனத்திற்கு

இரவுப் பணி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பி, வயிறு நிறைய உண்டு உடனே படுப்பதைத் தவிர்க்கவும். பணியிடத்திற்கே உணவை எடுத்துச் சென்று வழக்கமான நேரத்தில் உண்ணவும். திரும்பி வந்த பின் பசித்தால் சுண்டலோ மோரோ சிறிதளவு போதும். உறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது இரவு உணவை முடிப்பது நல்லது.

இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களும் கிளிமிபிரைடு, கிளிப்பிசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் இரவு உணவைத் தவிர்க்கக் கூடாது. மருந்து எடுத்த பின் உணவு தாமதமானால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழக்கூடும். பணி நேரம் மாறும் வாரங்களில் மருந்தை எப்போது எடுப்பது, உண்ண முடியாத நாளில் என்ன செய்வது என்பவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும். நீங்களாக மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். புதிய உணவு முறையில் சோற்றின் அளவைக் கணிசமாகக் குறைக்கும் முன்பும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்; மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சர்க்கரை தாழ்ந்தால் உடனிருப்போர் செய்ய வேண்டியவை

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, குழப்பமான பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தாலும், அளந்து பார்க்க வசதி இல்லாமல் இவ்வறிகுறிகள் தோன்றினாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்கவும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவும். குறையாவிடில் மறுபடி கொடுக்கவும். தெளிந்த பின் உணவு உண்ணச் செய்யவும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 எண்ணை அழைக்கவும்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரை, சில காய்கறிகள், நீர் ஆகியவற்றின் அளவு வேறுபடும். கருவுற்றிருக்கும் நீரிழிவு நோயாளிகள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோரும் இங்குள்ள முறைகளைப் பின்பற்றும் முன் மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் இதன்வழி வீட்டிற்கே வந்து வழங்கப்படுகின்றன. மருந்து கொண்டு வரும் தன்னார்வலரிடம், வீட்டில் யார், எந்நேரத்தில், என்ன உண்கிறார் என்பதையும் தெரிவிக்கவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

இங்குள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் உடல்நிலைக்கேற்ற அறிவுரையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்றுக்கொள்ளவும்.