கரணைவழிப் பயிரும் கோயம்புத்தூர்க் கரும்பும்

கரும்பைப் பயிரிடும் உழவர்கள் விதையைத் தூவுவதில்லை; முற்றிய தண்டை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி நிலத்தில் பதிப்பதே தொன்றுதொட்டு வரும் முறை. கரணை எனப்படும் இத்துண்டின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பருவும், அதையொட்டி வேராக வளரக்கூடிய சிறு புள்ளிகளின் வளையமும் உள்ளன. ஈரம் பட்டதும் பரு முளைவிட, புள்ளிகள் வேர்விட, தண்டில் சேர்ந்துள்ள சர்க்கரையே இளம்பயிருக்கு முதல் உணவாகிறது. மகரந்தமும் சூலும் கலவாமல் உடற்பகுதியிலிருந்தே புதுச்செடி தோன்றும் இந்நிகழ்வைத் தாவரவியலார் பாலிலா இனப்பெருக்கம் என்பர். இவ்வாறு பிறக்கும் செடி தாய்ச்செடியின் மரபுப்பண்புகளை மாறாமல் பெறுவதால், ஒரே வகைக் கரும்பு நின்ற வயல் முழுவதும், அறுவடைக்குப் பின் கட்டையிலிருந்து தழைக்கும் மறுதாம்பு உட்பட, உண்மையில் ஒரே செடியின் விரிவுதான்.

நியூகினித் தீவில் மனிதர் வளர்க்கத் தொடங்கிய இனிப்புக் கரும்பு உலகெங்கும் பரவியது இம்முறையினாலேயே. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூறு கூறுகிறது. அக்கரும்பும் கரணையாகவே வந்திருக்க வேண்டும். பிற்காலத்தில், 1768-இல் பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் தாகித்தித் தீவிலிருந்து எடுத்துச் சென்ற தடித்த கரும்பு, மொரீசியசு, ரீயூனியன் தீவுகளில் வேரூன்றி, பூர்போன் என்ற பெயருடன் மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களையும் நிறைத்தது. மிகுந்த சாறு தந்ததால் தோட்டக்காரர்கள் மற்ற வகைகளைக் கைவிட்டனர். கண்டங்கள் தாண்டிப் பரவிய அந்தப் பெருவயல்களில் நோயை எதிர்ப்பதில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட செடிகளே இல்லை என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மொரீசியசில் 1840-களிலும் பிரேசிலில் 1860-களிலும் சாய்ந்த பூர்போன் கரும்பு, 1890-களில் கரீபியத் தீவுகளிலும் நோயால் அழிந்தது.

இந்தியாவில் இத்தகைய அழிவின் பெயர் செவ்வழுகல். இந்நோய்க்குக் காரணமான பூஞ்சை கரணைக்குள் வெளித்தெரியாமல் தங்கி நடவுடன் புதுவயலுக்குச் செல்வதால், நலமாகத் தோன்றும் தண்டைப் பிளந்து பார்க்கும்போதுதான் சிவந்த சதையும் இடையிடையே வெண்திட்டுகளும் புளித்த வாடையும் வெளிப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிக் கழிமுகத்துக் கரும்பை இந்நோய் நலியச் செய்தபோது அதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர்.

கரணையில் பண்பு மாறாது என்பதால், நோயை எதிர்க்கும் புதுவகைக்கு விதையைத்தான் நாட வேண்டும்; ஆனால் கரும்பு வளமான விதை தராது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1858-இலேயே பார்படோசில் தானாக முளைத்த நாற்றுகள் காணப்பட்டும் அச்செய்தி பொருட்படுத்தப்படவில்லை. 1887-88-இல் ஜாவாவில் சோல்ட்வெடலும் பார்படோசில் ஹாரிசனும் பொவெலும் விதையிலிருந்து நாற்றுகளை வளர்த்துக் காட்டிய பின்னரே புதுவகைகளை உருவாக்க வழி திறந்தது. வட இந்தியாவில் அரிதாகவே பூக்கும் கரும்பு கோயம்புத்தூரில் பூத்து விதை பிடிக்கும் என்பதால், 1912-இல் அங்கே பார்பரின் தலைமையில் கரும்பு இனவிருத்தி நிலையம் அமைந்தது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்தனர். சாறற்ற மெலிந்த புல்லை இனிப்புக் கரும்புடன் சேர்த்தது துணிச்சலான முடிவு. குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை அதிலிருந்துதான் வந்தது. அக்கலப்பில் பிறந்த கோ 205 என்ற வகை 1918-இல் பஞ்சாபுக்கு வெளியிடப்பட்டது.

பாலினக் கலப்பு ஒருமுறை. அதன்பின் இலட்சக்கணக்கான ஏக்கர்களிலும் கரணைதான். ஒரு நாற்றில் தற்செயலாக அமைந்த நற்சேர்க்கையைச் சிதையாமல் நிலைநிறுத்த அதற்கு நிகரான வழி வேறில்லை. ஆனால் பழைய ஆபத்தும் அதனுடனேயே திரும்புகிறது. 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பரவிய பின், அதற்குள் நுழையக் கற்ற செவ்வழுகல் பூஞ்சை வயல் வயலாகப் பற்றியது. மாற்றுவகைகளைத் தேடும் ஆய்வாளர்கள் இன்றும் நாடுவது கேரளத்தின் கண்ணூரில் கோயம்புத்தூர் நிலையம் காத்துவரும் கரும்புத் தொகுப்பை. விதையில் தாயின் பண்பு மாறிவிடும் என்பதால், அங்குள்ள வகைகளும் கரணையாகவே மீண்டும் மீண்டும் நடப்பட்டு வாழவைக்கப்படுகின்றன.