விரல் படாமலே வெடித்த துப்பாக்கி

முன்னாடி இருந்த கம்பெனியில் ஒரு பக் என் தலையில் விழுந்தது. வாடிக்கையாளர் ஒரு தடவை பணம் கட்டினால், எப்போதாவது ரெண்டு தடவை பிடித்துவிடுகிறது. அம்பது தடவை ஓட்டிப் பார்த்தேன், சமத்தாக ஓடியது. 'மறுபடி நிகழவில்லை' என்று எழுதி மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். டெஸ்டிங் டீமில் இருந்த அக்கா திரும்பத் திறந்தார். நான் திரும்ப மூடினேன். இப்படி மூணு ரவுண்டு :-)

அதன் முடிவைக் கடைசியில் சொல்றேன். அதற்கு முன், இதே 'மறுபடி நிகழவில்லை'யை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓட்டப்பட்ட ஒரு துப்பாக்கியின் கதை. (பயப்படாதீங்க மக்களே, நான் கையில் தொட்டது தீபாவளித் துப்பாக்கி மட்டும்தான்.)

ரெமிங்டன், 1816-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், அங்கே மைக் வாக்கர் என்ற இன்ஜினியர் வேட்டை ரைஃபிளுக்குப் புது டிரிக்கர் ஒன்றை வடிவமைத்தார். 1948-ல் மாடல் 721-லும், 1962-லிருந்து புகழ்பெற்ற மாடல் 700-லும் அதுதான் இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் எம்24, மரைன்களின் எம்40 ஸ்னைப்பர் ரைஃபிள்கள் எல்லாம் இந்த 700-ஐ அடிப்படையாகக் கொண்டவை. லேசுப்பட்ட சரக்கு இல்லை.

இதில் என்ன விசேஷம்? சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்தி வைக்கும் பாகத்துக்கு 'சியர்' என்று பெயர். சாதாரணமாக அதை டிரிக்கரே நேராகத் தாங்கும். வாக்கர் நடுவில் 'கனெக்டர்' என்று ஒரு சின்னத் தகடு வைத்தார். அது டிரிக்கரோடு பிணைக்கப்படவில்லை. ஒரு ஸ்பிரிங்தான் அதை அழுத்திப் பிடித்திருக்கும். சுடும்போது டிரிக்கர் வழவழவென்று வரும், குறி தப்பாது. ஆனால் ஒவ்வொரு தடவை சுடும்போதும் தகடு டிரிக்கரை விட்டு விலகித் திரும்பி வர வேண்டும். அந்த இடுக்கில் துளி தூசியோ, கெட்டிப்பட்ட எண்ணெயோ சிக்கினால் தகடு முழுசாக இடத்துக்கு வராது. சியருக்குத் தாங்கல் இல்லாமல் போய்விடும். அப்புறம் சேஃப்டியை நகர்த்தினாலோ, போல்ட்டைத் தொட்டாலோ போதும், விரல் படாமலே வெடிக்கும் என்பதுதான் குற்றச்சாட்டு.

நம்மை உறுத்த வேண்டிய இடம் இனிமேல்தான். 1946-லேயே, விற்பனைக்கு வருவதற்கு முன்பே, சேஃப்டியில் ஆபத்து இருக்கலாம் என்று வாக்கரே எழுதி வைத்தார். 1948-ல் மாற்று வடிவமும் கொடுத்தார். கூடுதல் செலவு, துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். கம்பெனி ஏற்கவில்லை.

புகார்கள் வந்தன. அவற்றுக்குச் சுருக்கப் பெயர்கள்கூட இருந்தன. 'எஃப்.எஸ்.ஆர்.' என்றால் சேஃப்டியை விடுவித்ததும் வெடித்தது. 'எஃப்.பி.ஓ.' என்றால் போல்ட்டைத் திறக்கும்போது வெடித்தது. நம்ம பக் லிஸ்ட்டில் வகை பிரிக்கிற மாதிரியே! துப்பாக்கியை வாங்கிச் சோதிப்பார்கள், லேபில் ஒழுங்காக வேலை செய்யும். சரியாகப் பராமரிக்கவில்லை, வீட்டிலேயே டிரிக்கர் திருகாணியை நோண்டிவிட்டார்கள் என்று பதில் போகும். சிலர் நோண்டியதும் உண்மைதான். அதனால்தான் அந்தப் பதில் வசதியாக இருந்தது.

1979-ல் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டார்கள். வெளியே இருக்கும் 20 லட்சம் துப்பாக்கிகளில் சுமார் ஒரு சதவீதம், அதாவது 20,000, இப்படி ஏமாற்றக்கூடும். அந்த 20,000-க்காக 20 லட்சத்தையும் திரும்ப அழைப்பதா? வேண்டாம் என்று முடிவானது. அரசு கட்டாயப்படுத்தவும் வழியில்லை. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய 1972-ஆம் வருடச் சட்டமே துப்பாக்கிகளை விலக்கி வைத்திருந்தது.

2000 அக்டோபர், மொன்டானா. வேட்டை முடிந்து ஒரு அம்மா தோட்டாவை வெளியே எடுப்பதற்காக சேஃப்டியை விடுவிக்கிறார். அந்தப் பழைய மாடலில், சேஃப்டியை விடுவிக்காமல் தோட்டாவை எடுக்கவே முடியாது. துப்பாக்கி வெடித்தது. குதிரைகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லரைத் துளைத்துக்கொண்டு போன குண்டு, அந்தப் பக்கம் நின்ற அவருடைய மகன் மேல் பாய்ந்தது. பையனுக்கு ஒன்பது வயசு. அவன் பிழைக்கவில்லை. சேஃப்டியை விடுவிக்காமலே தோட்டாவை எடுக்கும்படி 1982-லேயே கம்பெனி புது உற்பத்தியை மாற்றியிருந்தது. வெளியே இருந்த பழையவை அப்படியே கிடந்தன.

அந்த அப்பா விடவில்லை. வருஷக்கணக்காக ஆவணங்களைத் திரட்டினார். 2006-ல் கனெக்டர் இல்லாத புது டிரிக்கர் வந்தது. 2010-ல் சி.என்.பி.சி. டிவி ஆவணப்படம் எடுத்தது. கொடுமை என்னவென்றால், அந்தப் புது டிரிக்கரையே 2014-ல் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பொருத்தும்போது பசை அதிகமாகிவிட்டதாம்! அதே வருஷம் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கான சமரச ஒப்பந்தம் கோர்ட்டுக்குப் போய், 2018-ல் இறுதியானது. டிரிக்கரை இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் வடிவமைப்பில் குறை என்று கடைசிவரை கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. 2020-ல் திவாலாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது.

லட்சத்தில் ஒருதரம் நடக்கிற தப்பு, அம்பது தடவை சோதித்தால் கண்ணில் படாது. ஆனால் லட்சக்கணக்கான பேர் கையில் பொருள் இருந்தால், தினமும் யாருக்கோ அது நடக்கும். நம்ம லேபில் நடக்கவில்லை என்பது நம்ம லேபைப் பற்றிய செய்திதான், பொருளைப் பற்றிய செய்தி இல்லை.

சரி, என் பக்? நாலாவது தடவை அந்த அக்கா மெதுவான நெட் கனெக்ஷனில், கட்டணம் போகும் நேரம் பார்த்து பொத்தானை இன்னொரு தரம் அழுத்திக் காட்டினார். ரெண்டு தடவை பணம் போனது. சரி செய்ய ஆறு வரி. நான் மூடி வைத்திருந்த மூணு வாரத்தில் யாருக்கெல்லாம் மாசக்கடைசிப் பணம் ரெண்டு தடவை போனதோ, தெரியாது. எனக்கு எதிரே சாகிற மாதிரி யாரும் நிற்கவில்லை, அது என் அதிர்ஷ்டம், திறமை இல்லை.

இப்போதெல்லாம் 'மறுபடி நிகழவில்லை' என்று டைப் அடிக்கப் போகும்போது, அந்த ஐந்தரை சென்ட் ஞாபகம் வருகிறது.