காபித்தூளும் ஆரஞ்சுத் தோலும்: செல்லுலைட் என்ற சொல்லின் கதை

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து போனில் தேடிய ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்த எபிசோட் ஆரம்பிக்குது. அம்மாவுக்கு இடது கால் சிவந்து வீங்கி, தொட்டாலே சுட்டது. கூடவே குளிர்காய்ச்சல். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, "செல்லுலைட்டிஸ். தோலுக்குக் கீழே கிருமி தொத்தியிருக்கு, ஆன்டிபயாடிக் ஏத்தணும்" என்றார். சிவப்பு பரவுதா அடங்குதா என்று பார்க்க, அதன் ஓரத்தைச் சுற்றி நர்ஸ் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

நான் பதற்றத்தில் அந்தப் பெயரைத் தட்டினேன். கடைசி எழுத்து தப்பிவிட்டது போல. வந்ததெல்லாம் காபித்தூள் ஸ்க்ரப், ஆப்பிள் சைடர் வினிகர், உலர்ந்த பிரஷ்ஷால் தொடையைத் தேய்ப்பது எப்படி என்ற வீடியோ. உள்ளே அம்மாவுக்கு ட்ரிப்ஸ் ஏறுது, வெளியே என் போன் தொடையில் விழும் குழிகளைப் பத்தி வகுப்பு எடுக்குது! செல்லுலைட், செல்லுலைட்டிஸ். ரெண்டும் எப்படி இவ்வளவு ஒட்டிப் பிறந்தது என்ற கேள்வி அன்றைக்கு மனசில் விழுந்தது.

பதில் 1873-ல் இருக்கு. பிரான்சில் லித்ரே, ரோபன் என்ற இருவர் தொகுத்த மருத்துவ அகராதியின் அந்த ஆண்டுப் பதிப்பில் 'செல்லுலைட்' என்ற சொல் வருது. அழகுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தோலுக்கு அடியில் உள்ள திசு அழற்சியடைவது என்பதுதான் பொருள். அதாவது, அம்மாவுக்கு வந்த வகை நோய். ஆரம்பத்தில் அது ஆஸ்பத்திரிச் சொல்தான்.

அப்போ தொடைக் குழிகளுக்குப் பெயர் இல்லையா? குழிகள் இருந்தன. மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் ரூபன்ஸின் 'மூன்று தேவியர்' ஓவியம் இருக்கு, 1630-களில் வரைந்தது. அந்தப் பெண்களின் தொடையிலும் இடுப்பிலும் மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரியும். அவர் வரைந்தது நோயாளிகளை அல்ல, அழகின் தேவதைகளை.

1920-ல் அல்கியே, பாவியோ என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இந்தச் சொல்லை வேறு பக்கம் திருப்பினார்கள். இது அழற்சி இல்லை, திசுவில் நீர் தங்குவதால் வரும் ஒரு கோளாறு என்றார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவில் பாவாடை நீளம் குறைந்தது, கடற்கரைக் குளியல் பரவியது. கால் வெளியே தெரிய ஆரம்பித்தது. 1933-ல் லோரியால் நிறுவனர் யூஜீன் ஷூலர் 'வோத்ர் போத்தே' என்ற அழகுப் பத்திரிகையைத் தொடங்க, அந்த ஆண்டே அதில் செல்லுலைட் பற்றிய கட்டுரை வந்தது. நீர், நச்சு, கொழுப்பு எல்லாம் சேர்ந்த கலவை என்பது அந்தக் காலத்து விளக்கம். அழகுசாதனம் விற்பவரே பத்திரிகையும் நடத்தினார் என்பதை மட்டும் கொஞ்சம் மனசில் வச்சுக்கோங்க.

இந்த 'நச்சு' என்ற வார்த்தைதான் மொத்தக் கதைக்கும் அச்சாணி. நச்சு என்றால் வெளியேற்றணும். வெளியேற்ற மசாஜ், வேர்வை, கடல்பாசிக் கட்டு, மூலிகை. இன்றைக்கு 'டீடாக்ஸ்' என்று நம்மிடம் விற்கிறார்களே, அதன் பாட்டி இதுதான்.

அமெரிக்காவுக்கு இந்தச் சொல் 1968-ல் 'வோக்' பத்திரிகை வழியாகப் போனது. பிறகு நிக்கோல் ரோன்சார் வந்தார். நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்திய இவரது செல்லுலைட் புத்தகம் 1973-ல் வெளியாகி அமோகமாக விற்றது. உணவுக் கட்டுப்பாடு, மூச்சுப்பயிற்சி, மசாஜ் என்பது அவர் வழி. நான் அவரை மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னதைச் செய்தால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்திருக்காது. ஆனால் அதுவரை தன் தொடையைத் திரும்பிப் பார்க்காத லட்சக்கணக்கான பெண்களுக்கு ஒரு குறை கிடைத்தது. அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியலை.

ஐந்தே வருஷத்தில், 1978-ல், ஜெர்மனியின் நூர்ன்பெர்கரும் முல்லரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே 'கண்டுபிடிக்கப்பட்ட நோய்' என்று சொல்லிவிட்டார்கள். கண்டுபிடிக்கப்பட்ட என்றால் இங்கே கற்பிக்கப்பட்ட என்று அர்த்தம். தோலையும் அடியில் உள்ள தசையுறையையும் இணைக்கும் நார்கள், பெண்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக ஓடுகின்றன. ஆண்களுக்குக் குறுக்கும் மறுக்குமாக, வலை மாதிரி. மெத்தையில் நூல் போட்டு இழுத்த இடம் பள்ளமாகி, நடுவில் பஞ்சு உப்புமே, அதேதான். நச்சும் இல்லை, அழுக்கும் இல்லை. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு இது இருக்கு என்கின்றன மருத்துவக் கட்டுரைகள். ஒல்லியானவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த நூல்-பஞ்சு படத்தை வச்சுக்கிட்டுக் காபித்தூளைப் பாருங்க. காஃபீன் ஆய்வகக் குடுவையில் கொழுப்பு செல்லைக் கரைக்கத் தூண்டுவது உண்மை. ஆனால் மேலே தேய்ப்பது நூலை அறுக்குமா? தேய்த்த வேகத்தில் ரத்தம் பாய்ந்து தோல் லேசாக உப்பும், பள்ளம் சில மணி நேரம் மறையும். பிரஷ்ஷும் அதையேதான் செய்யுது. பிரான்சில் லூயி-போல் கிதே என்பவர் விபத்துத் தழும்புக்குக் கையால் பிடித்துவிடும் சிகிச்சையைப் பார்த்து 1980-களில் ஒரு உருளை இயந்திரம் செய்தார். அமெரிக்க எஃப்.டி.ஏ. 1998-ல் அதற்கு அனுமதித்த வாசகம், 'தோற்றத்தில் தற்காலிகக் குறைப்பு'. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மூலிகை மாத்திரைக்கும் ஒரு காலம் வந்தது. இத்தாலியில் உருவான 'செல்லாசீன்' 1999-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. உள்ளே ஜின்கோ, திராட்சை விதைச் சாறு, கடல்பாசி, மீன் எண்ணெய் எல்லாம் இருந்தன. இயற்கை என்றால் பக்கவிளைவு இல்லை என்பது நம்ம ஊரில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் ஓடும் பேச்சு. 2000-ல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம், ஆதாரமில்லாத விளம்பரம் என்று விற்பனையாளரான ரெக்ஸால் சன்டவுன் மீது வழக்குப் போட்டது. 2003-ல் வாங்கியவர்களுக்கு 1.2 கோடி டாலர் வரை திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நூலையே குறிவைத்த மருந்தும் வந்தது. நாரைக் கரைக்கும் நொதியான 'க்வோ' ஊசிக்கு 2020 ஜூலையில் அனுமதி கிடைத்தது. ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, நாள்பட்ட நிறமாற்றம் என்ற கவலையில் 2022 டிசம்பரில் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. பள்ளத்துக்குப் பதில் கறை. எத்தனை பேர் அந்த பேரத்துக்கு ஒத்துக்குவாங்க?

கேட்பவர்களுக்கு ஒன்று. தொடையில் வலியில்லாமல் குழி இருந்தால், அதில் அவசரம் எதுவும் இல்லை. கால் சிவந்து, சூடாகி, வலித்து, காய்ச்சலும் வந்தால் எந்தத் தூளையும் தேய்க்காதீங்க. அன்றைக்கே டாக்டரைப் பாருங்க, சர்க்கரை இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அம்மா ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாங்க. காலில் பேனாக் கோடு மட்டும் அழியாமல் கொஞ்ச நாள் இருந்தது. "இதை எதைப் போட்டுடா தேய்க்கறது?" என்று கேட்டாங்க. சோப்பு போதும்மா என்றேன்.