மீண்டவரே துணைவர்

மருத்துவ வரலாற்று நூல்களில் அடிக்கடி காணப்படும் ஓவியம் ஒன்று உண்டு. பாரிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றின் முற்றம். மனநோயுற்ற பெண்கள் பலர். நடுவே ஒரு மருத்துவர் நிமிர்ந்து நிற்கிறார். பணியாள் ஒருவர் இளம்பெண் ஒருத்தியின் விலங்கைக் கழற்றுகிறார். வேறொருத்தி மருத்துவரின் கையை முத்தமிடுகிறாள். 1876-ஆம் ஆண்டில் டோனி ராபர்ட் ஃபிளூரி என்பவர் தீட்டியது அது. நடுவில் நிற்பவர் பிலிப் பினேல். மனநோயாளரின் விலங்கை நீக்கிய பெருமகனார் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. போற்றட்டும்; அதற்குத் தகுதி உடையவரே. ஆயினும், அவருக்கு அவ்வழியைக் காட்டியவர் வேறொருவர் என்பதையும், அவர் மருத்துவரே அல்லர் என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அவர் பெயர் ழான் பத்தீஸ்த் புசேன். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை என்னும் நோயுற்று, 1771-இல் பாரிஸை அடுத்த பிசேத்ர் என்னும் இடத்தில் நோயாளியாகச் சேர்ந்தார். அந்நாளில் மருத்துவமனையும், சிறைச்சாலையும், ஏழையர் விடுதியும், பித்தர் கூடமும் அங்கே ஒரே மதிலுக்குள் இருந்தன. நோய் தணிந்த பின்னும் புசேன் ஊர் திரும்பவில்லை; அங்கேயே பணியில் அமர்ந்தார். 1780களின் நடுவில், தீராதவர் என்று கைவிடப்பட்ட மனநோயாளர் இருந்த பகுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். அவருடைய மனைவியும் உடனிருந்து உழைத்தார்.

நோயாளரை அடிக்கலாகாது என்பது புசேன் இட்ட கட்டளை. அதற்கு இணங்காத பணியாட்களை அவர் நீக்கினார். நீக்கப்பட்டவர்களின் இடத்தில் யாரை அமர்த்துவது? இங்கேதான் அவருடைய நுண்ணறிவு விளங்குகிறது. கூடுமானவரையில் நோய் தணிந்தவர்களையும் தணிந்துவருபவர்களையுமே பணியாட்களாகத் தேர்ந்துகொண்டார். தாம் பட்ட அடியை மற்றொருவர்மேல் இறக்க அவர்கள் கை கூசும் அன்றோ? 1793-இல் பினேல் அங்கே மருத்துவராக வந்தபோது, நூல் பல கற்ற அவர், பள்ளி அதிகம் அறியாத புசேனின் முறைகளை அருகிருந்து கண்டு கற்றார். 1801-இல் வெளியிட்ட தம் நூலில் அவரைப் பாராட்டியும் எழுதினார். பினேல் 1795-இல் வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். அவர் இல்லாத காலத்தில், 1797-இல், பிசேத்ரில் விலங்குகளை நீக்கியவர் புசேனே. விலங்கின் இடத்தில் கைகளைப் பிணிக்கும் கட்டுச்சட்டையை வைத்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1802-இல் பினேல் அவரைத் தம்மிடமே வரவழைத்துக்கொண்டார்.

விலங்கு என்றவுடன் அஃது ஐரோப்பியரின் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட இயலவில்லை. அத் தீயினால் மாண்டவர் 28 பேர்.

புசேனுக்குப் பின்வந்த நூற்றாண்டில் பெரும்பெரும் மனநோய் விடுதிகள் எழுந்தன. அவர் கண்ட வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. 1908-இல் அமெரிக்கரான கிளிஃபர்டு பியர்ஸ், தாம் விடுதிகளில் அடைபட்டிருந்த வரலாற்றை நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே அவர் முயற்சியால் மனநலத்துக்கென ஒரு தேசியக் குழு அமைந்தது. நோயுற்றவரின் குரலுக்கு மதிப்பு வந்தது. அவருடைய கைக்கு வேலை வர இன்னும் காலம் ஆயிற்று.

அந்த வேலை குடிநோயாளர் வழியாக வந்தது. 1935-ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குத் தரகர், ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வாணிக முயற்சி ஒன்றில் தோற்று, விடுதிக் கூடத்தில் தனியே நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அருகே மதுக்கூடம். குடிக்காமல் இருக்கவேண்டுமானால் மற்றொரு குடிகாரரோடு பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. தொலைபேசியில் பலரைக் கேட்டு, பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சென்று கண்டார். சிறிது நேரம் என்று தொடங்கிய பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐயே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்வர். இதில் கவனிக்கத் தக்கது ஒன்று: வில்சன் சென்றது தம்மைக் காத்துக்கொள்ளவே. உதவுகிறவனுக்கும் அந்த உதவியே மருந்தாகிறது என்பதை, 1965-இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்னும் அறிஞர் ஒரு கொள்கையாகவே வகுத்துக் காட்டினார்.

1950களில் மினசோட்டா மாநிலத்து வில்மர் அரசு மருத்துவமனையில் நெல்சன் பிராட்லி என்னும் மருத்துவரும் டேனியல் ஆண்டர்சன் என்னும் உளவியலாரும், குடியினின்று மீண்டவர்களையே ஆலோசகர்களாகப் பணியில் சேர்க்கலாயினர். படித்த பட்டம் இல்லாதவருக்கு அரசுச் சம்பளமா என்ற எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆயினும் 1954-இல் அம் மாநிலம் குடிநோய் ஆலோசகர் என்ற பதவியைத் தன் அரசுப் பணிப் பட்டியலில் சேர்த்தது.

அநுபவம் இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று கேட்போருக்கு, நான் மற்றொரு வரலாற்றைக் காட்டுவேன். 1958-இல் சார்லஸ் டெடரிக் என்பவர் கலிபோர்னியாவில் சினானன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரும் குடியினின்று மீண்டவரே. போதைக்கு அடிமைப்பட்டோரைப் போதையினின்று மீண்டோரே நடத்தும் இல்லம் அது. நாடே அதனைப் புகழ்ந்தது. வெளியாரின் மேற்பார்வை அங்கே இல்லை. தலைவரின் சொல்லே சட்டம். ஒருவரை நடுவில் இருத்தி மற்றவரெல்லாம் வசைபாடுவதே சிகிச்சை என்றாயிற்று. வரவர அது வன்முறைக் கூட்டமாகத் திரிந்தது. 1978-இல், சினானனுக்கு எதிராக வழக்காடி வென்ற வழக்கறிஞர் ஒருவரின் அஞ்சற்பெட்டியில் நச்சுப் பாம்பை விட்டுக் கடிக்கச் செய்யும் அளவுக்குச் சென்றது. மீண்டவர் என்பதனாலேயே ஒருவர் நல்ல துணைவர் ஆகிவிடார்; தாம் நடந்த பாதை ஒன்றே பாதை என்று அவர் நம்பத் தொடங்கினால், அவரைவிடக் கொடிய ஆசான் இல்லை.

ஆகவே அடுத்த தலைமுறையினர் பயிற்சியை நாடினர். 1986-இல் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில், கடும் மனநோய்க்கு ஆளானவர்களையே 'கேஸ் மானேஜர்' என்னும் பணியாளருக்கு உதவியாளராகப் பயிற்றும் திட்டம் தொடங்கியது. முதலில் வகுப்பு, பின்னர் களம் என்பது அதன் முறை. இப் பணியாளர் செய்வது யாது? மருத்துவமனையை விட்டு வெளிவந்தவருக்கு வீடு தேடவேண்டும். மருந்து தவறாமல் வாங்கவேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் எழுதவேண்டும். சில வேளை நீதிமன்றப் படியும் ஏறவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அலுவலகம். அந்த அலுவலகங்களுக்கிடையே ஒரு மனிதர் தொலைந்துபோகாமல் உடன்நடப்பவரே கேஸ் மானேஜர். தாமே அந்த வரிசையில் நின்றவர் அவ் வேலைக்கு வரும்போது அவரை நிகர்த்துணைவர் என்று நான் அழைப்பேன். 1999-இல் ஜார்ஜியா மாநிலம் இத்தகையோர் பணிக்கு ஏழையர் மருத்துவ நிதியிலிருந்து ஊதியம் வழங்க வழிசெய்தது. 2007 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதம் மூன்று நிபந்தனைகளை விதித்தது: மேற்பார்வை, பிற சிகிச்சையோடு இணைப்பு, பயிற்சியும் சான்றிதழும். சினானன் இம் மூன்றில் எதனையும் ஏற்றிருக்காது.

அப் பயிற்சி எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்தபோது, எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியே நினைவுக்கு வந்தது. நாங்கள் ஒருவர் பாடம் நடத்த, உடன்பயில்வோர் பின்வரிசையில் குறிப்பேட்டுடன் அமர்ந்து குறைநிறைகளைச் சொல்வோம். இங்கேயும் மூவர் மூவராகப் பிரிகின்றனர். ஒருவர் துணைவர், ஒருவர் துன்புற்றவர், மூன்றாமவர் வாய்திறவாமல் கவனிப்பவர். பிறகு இடம் மாறுவர். குடிப்பவராக நடிப்பவரிடம், "குடியை விடுங்கள்; இல்லாவிடில் அழிந்துபோவீர்கள்" என்று துணைவர் சொன்னால், அவர் உடனே தம் குடிக்கு வழக்காடத் தொடங்குகிறார். "அடுத்த ஆண்டு இதே நாளில் எப்படி இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், அவரே விடுவதற்கான காரணத்தைச் சொல்லத் தொடங்குகிறார். வில்லியம் மில்லர் என்னும் உளவியலார் 1983 முதல் எழுதிவந்த முறை இது. கேட்க எளிது, வாய் பழக நாள் பிடிக்கும்.

தம் கதையைச் சொல்லும் பயிற்சி மற்றொன்று. இஃது எல்லாவற்றிலும் கடினமானது என்பேன். பட்ட துன்பம் முழுவதையும் கொட்டுதல் பயனற்றது. கேட்பவர் துணைவருக்கு ஆறுதல் சொல்ல நேர்ந்துவிடும். எதிரே இருப்பவருக்கு இன்று பயன்படும் ஒரு பகுதியை மட்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லி நிறுத்தப் பழக வேண்டும்.

குறிப்பு எழுதுதலும் கற்பிக்கப்படுகிறது. 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதலாகாது. 'செவ்வாயன்று வரவில்லை, பேருந்துக்குக் காசு இல்லை என்றார்' என்று எழுதவேண்டும். முதல் வரி ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது வரி அடுத்த வாரம் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுகிறது. (மாணவர் அறிக்கையில் 'மந்தம்' என்று ஒற்றைச் சொல் எழுதும் ஆசிரியர்களும் இவ் வகுப்பில் சில நாள் இருக்கலாம்.) இரகசியம் காத்தலுக்கும் எல்லை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரியவந்தால் மேலாளரிடம் சொல்லியே தீர்வேன் என்பதைத் துணைவர் முதல் நாளே கூறிவிட வேண்டும். பின்னால் சொன்னால் துரோகமாகப் படும். கடன் கொடுத்தல், கடன் வாங்குதல் இரண்டும் கூடா. துணைவர் தமக்கே பழைய நோயின் அறிகுறி தோன்றினால் யாரிடம் செல்வது என்பதும் எழுதிவைக்கப்படுகிறது. 1997-இல் மேரி எலன் கோப்லண்ட் முதலியோர் வெர்மாண்டில் வகுத்த முறைப்படி, நலமாக இருக்கும் நாளிலேயே நலங்கெடும் நாளுக்கு ஏற்பாடு செய்துகொள்வர்.

இப்படிப் பயிற்றிப் பயிற்றி அவர்களை அரை மருத்துவராக்கிவிடுகிறீர்கள், அவர்களிடம் இருந்த தனிச்சிறப்பே போய்விடும் என்று வருந்துவோரும் உண்டு. நிகர்த்துணைவர்களிலேயே சிலர் அவ்வாறு கூறுகின்றனர். அவ் வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. படிவம் நிரப்புவதிலேயே பொழுது கழிந்தால், உடன்நடப்பதற்கு ஏது நேரம்? 2023-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள் இதனை ஓரளவு உணர்ந்தே வகுக்கப்பட்டன என்று தோன்றுகிறது. அவை பரிந்துரைக்கும் வகுப்புப் பயிற்சி 40 முதல் 60 மணி நேரம். மேற்பார்வையின்கீழ் செய்யவேண்டிய களப்பணியோ 120 மணி நேரம். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு இந்த விகிதம் ஏறக்குறைய தலைகீழாக இருந்தது.