பைன் காட்டுக் கலகம் – 4: உப்புக்காகத் தோண்டிய தரை

(சென்ற வாரம்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 ஏப்ரலில் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம், 18 முதல் 35 வயதுவரை உள்ள வெள்ளை ஆண்களைத் தென்மாநிலக் கூட்டமைப்பின் படைக்கு இழுத்தது. மிசிசிப்பி மாநிலத்து ஜோன்ஸ் கவுண்டியின் வயல்களில் பெண்களும் கிழவர்களும் சிறுவர்களும்தான் மிஞ்சினார்கள்.)

ஆண்கள் போய்விட்டார்கள். பன்றிகள் இருந்தன.

1862-ன் குளிர்காலம் தொடங்கிவிட்டது. மிசிசிப்பி மாநிலத்தின் தென்கிழக்கில், லீஃப் ஆற்றங்கரைப் பைன் காடுகளில் வாழ்ந்த குடியானவர்களுக்குப் பன்றி அடிக்கும் பருவம் இது. கோடை முழுக்கக் காட்டில் அவிழ்த்துவிட்ட பன்றிகள், ஓக் மரக் கொட்டைகளைத் தின்று கொழுத்து நிற்கும். முதல் கடுங்குளிர் விழுந்ததும் அக்கம்பக்கத்து வீடுகள் ஒன்றுகூடும். கொப்பரையில் வெந்நீர் கொதிக்கும். அடித்து, மயிர் களைந்து, துண்டு போட்டு, துண்டுகளை உப்பில் புரட்டிச் சில வாரம் கிடத்துவார்கள். பிறகு புகைவீட்டின் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டுக் கீழே விறகைப் புகையவிடுவார்கள். அடுத்த குளிர்காலம்வரை வீட்டுக்குக் கறி, கொழுப்பு, கையிருப்பு எல்லாம் அதுதான்.

அந்த வருடம் கொப்பரை இருந்தது, கத்தி இருந்தது, விறகுக்குக் காடே இருந்தது. உப்பு இல்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் ருசிக்காகச் சொல்கிறோம். அந்தக் காட்டில் அது அப்படியே நடக்கிற விஷயம். உப்பு ஏறாத கறி சில நாளில் நாறும். அடித்தால் அழுகும், அடிக்காவிட்டால் வருடம் முழுக்கச் சோளக்களியும் சோள ரொட்டியும்தான்.

உப்பு எங்கே போயிற்று?

போருக்கு முன்பு தெற்கு மாநிலங்களுக்கு உப்பு பெரும்பாலும் கப்பலில் வந்தது. பருத்தி ஏற்றிப்போக வரும் ஆங்கிலக் கப்பல்கள், அடிப்பாரத்துக்காக லிவர்பூல் உப்பை நிரப்பிக்கொண்டு வந்து நியூ ஆர்லியன்ஸில் இறக்கும். அவ்வளவு மலிவாக வந்து குவிகிற பண்டத்தை யாராவது உட்கார்ந்து காய்ச்சுவார்களா? 1861 ஏப்ரலில் லிங்கன் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவிட்டார். 1862 ஏப்ரல் கடைசியில் நியூ ஆர்லியன்ஸே வடக்கின் கைக்குப் போனது. கப்பல் நின்றது, உப்பும் நின்றது.

இதே முற்றுகைக்கு நம் பக்கத்தில் ஒரு முனை உண்டு. அமெரிக்கப் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தபோது, திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்திக்கு விலை எகிறியது. தூத்துக்குடியில் பொதி ஏற்றிய வியாபாரிகளுக்கு நல்ல காலம். கடலுக்கு அந்தப் பக்கம், கடனோ உடனோ வாங்கியாவது ஒரு மூட்டை உப்பு கிடைக்குமா என்று ஒரு குடியானவள் கடைவீதியில் நின்றாள். கூட்டமைப்பின் சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 டாலர். அதுவும் மாதாமாதம் வந்து சேராது. மூட்டை உப்பின் விலையோ அவனுடைய பல மாதச் சம்பளத்தைத் தாண்டிப் போயிருந்தது.

அப்போதுதான் அவள் பார்வை புகைவீட்டின் தரைமேல் விழுந்தது.

புகைவீடு என்பது ஜன்னல் இல்லாத சின்ன மரக்கட்டைக் கொட்டகை. மண்தரை. அந்தத் தரைக்கு மேலேதான் வருடக்கணக்காக உப்புக்கறி தொங்கியிருக்கிறது. மாமியார் காலத்துக் கறி, அவளுக்கும் மாமியார் காலத்துக் கறி. ஒவ்வொரு துண்டிலிருந்தும் சொட்டிய உப்புநீரும் கொழுப்பும் அந்த மண்ணுக்குள்தான் இறங்கியிருக்கிறது. செல்வம் இருந்த காலத்தில் கீழே சிந்தியதை இல்லாத காலத்தில் பொறுக்க வேண்டியதுதானே?

மண்வெட்டியை எடுத்தார்கள். தரையைப் பெயர்த்தார்கள். சோப்புக் காய்ச்சச் சாம்பலில் நீர் வடிக்கும் மரத்தொட்டி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. மண்ணை அதில் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினால், அடியில் கலங்கலாக உப்புநீர் சொட்டும். அதைக் கொப்பரையில் ஏற்றிக் கொதிக்கவிட்டு, மேலே திரளும் அழுக்கையும் நுரையையும் வழித்து வழித்து எறிவார்கள். நாள் முழுக்க அடுப்பு எரியும். கடைசியில் அடியில் ஒட்டி நிற்பது பழுப்பு நிறத்தில் ஒரு கசண்டு. வெல்லத்தூள் மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் புகைநாற்றம் அடிக்கும். ஆனாலும் கறியில் புரட்டினால் கறி நிற்கும்.

தெற்கு மாநிலங்கள் முழுவதும் அன்று இந்தத் தோண்டல் நடந்தது. வண்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கடல்நீரைக் காய்ச்சியவர்களும் உண்டு.

மற்றவற்றுக்கும் இதே கதைதான். காப்பிக்கு வறுத்த சோளம், வெண்டை விதை, சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சீவல். கறுப்பாகவும் சூடாகவும் இருக்கும், காப்பியாக மட்டும் இருக்காது. சமையல் சோடாவுக்குச் சோளக்கதிர்ச் சக்கையின் சாம்பல். காய்ச்சலுக்கு க்வினைன் கிடையாது, டாக்வுட் மரப்பட்டைக் கஷாயம். பொத்தானுக்குப் பெர்சிமன் பழக்கொட்டை. விளக்குக்குப் பைன் மரத்தின் பிசினேறிய கட்டை. ஆலைத்துணி வராததால் பரணிலிருந்து பாட்டியின் ராட்டினமும் தறியும் இறங்கின. பஞ்சைச் சிக்கெடுத்து வாரும் கம்பிப்பல் அட்டை தேய்ந்துவிட்டால்தான் ஆபத்து. அதை வீட்டில் செய்ய முடியாது. ஒரே ஒரு ஜோடி அட்டை, ஊர் முழுக்க வீடுவீடாகச் சுற்றும்.

இத்தனையையும் அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். பஞ்சம் புதிதில்லை, பாடுபடுவதும் புதிதில்லை. தாங்க முடியாமல் போனது வேறு ஒன்று.

1862 அக்டோபர் 11. கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. 20 அல்லது அதற்கு மேல் அடிமைகள் உள்ள ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வெள்ளை ஆணுக்குப் படையிலிருந்து விலக்கு. அடிமைகளைக் கண்காணிக்க ஆள் வேண்டுமாம்.

ஜோன்ஸ் கவுண்டியில் இந்தச் சட்டம் எப்படி விழுந்திருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1860 குடிக்கணக்கில் மிசிசிப்பி மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். ஜோன்ஸ் கவுண்டியில் அடிமைகள் சுமார் 12 சதவீதம்தான். மாநிலத்திலேயே அதுதான் குறைவு. இங்கே மணல் கலந்த காட்டு மண். பருத்திப் பெருந்தோட்டம் போட ஏற்றதில்லை. சொந்தக் கையால் உழுது, சோளம் போட்டு, மாடும் பன்றியும் வளர்த்தவர்கள்தான் அதிகம். நாட்டைப் பிரிப்பதா என்று கேட்டபோதே பிரிவினையை எதிர்த்தவரைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அந்தப் பிரதிநிதி, மாநில மாநாட்டுக்குப் போன இடத்தில், 1861 ஜனவரி 9 அன்று பெரும்பான்மையோடு சேர்ந்து கையைத் தூக்கிவிட்டார் என்பதை முதல் அத்தியாயத்தில் பார்த்தோம்.

இப்போது, 20 அடிமை உள்ளவன் வீட்டில் இருக்கலாம்; ஓர் அடிமையும் இல்லாதவன் அவனுக்காகச் சாக வேண்டும். ஜாஸ்பர் காலின்ஸ் என்ற ஜோன்ஸ் கவுண்டிச் சிப்பாய் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதும், இது பணக்காரன் போர், ஏழை போய்ச் சண்டையிடுகிறான் என்று சொல்லிவிட்டுப் படையிலிருந்து வெளியேறினார். அந்தப் பேச்சு தெற்கு முழுக்கப் பல வாய்களில் ஏற்கெனவே இருந்தது. காலின்ஸின் நண்பர் நியூட்டன் நைட்டும் அந்தக் குளிர்காலத்தில் படையை விட்டு நழுவினார். படை நின்ற மாநிலத்தின் வடகோடியிலிருந்து வீடு சுமார் 200 மைல். ஆறடிக்கு மேல் உயரம், குடிப்பழக்கம் இல்லாத பாப்டிஸ்ட். தாத்தாவிடம் நிறைய அடிமைகள். பேரனிடம் ஒருவர்கூட இல்லை.

திரும்பி வந்தவர்கள் பார்த்தது என்ன? புகைவீட்டின் நடுவே தோண்டிய பள்ளம்.

அதற்கு மேல் அரசாங்கத்தின் கையும் வந்து சேர்ந்தது. 1863 மார்ச்சில் வந்த சட்டம், படைக்குத் தேவையான பொருளை அரசு சொல்லும் விலைக்கு எடுத்துக்கொள்ள அனுமதித்தது. விலை என்றால் நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்த காகிதப் பணம். ஏப்ரலில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தானிய வரி வந்தது. குதிரைப்படை வந்து குதிரையை ஓட்டிக்கொண்டு போகும், சோளத்தை அள்ளும், தொங்கும் கறியையும் விடாது. மண்ணைக் காய்ச்சி உப்பெடுத்துப் பதப்படுத்திய கறி அது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வழக்கு. இங்கே யார் யாருக்கு உப்பிட்டது? இந்தக் கேள்வியை அந்தப் பெண்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. பதிலை மட்டும் செய்து காட்டினார்கள்.

1863 ஜூலை 4 அன்று, 47 நாள் முற்றுகைக்குப் பிறகு விக்ஸ்பர்க் கோட்டை விழுந்தது. அங்கே பட்டாணிமாவு ரொட்டியும் கோவேறு கழுதைக் கறியும் தின்று கிடந்த சிப்பாய்களை, கைதிப் பரிமாற்றம் நடக்கும்வரை ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் வடக்குப் படை விடுவித்தது. அவர்களில் பலர் நேரே வீட்டைப் பார்த்து நடந்தார்கள். படையை விட்டு வந்து லீஃப் ஆற்றுச் சதுப்புக்காட்டில் ஒளிந்திருந்தவர்களின் கூட்டம் பெருகியது.

காட்டில் இருப்பவனுக்குச் சோறு யார் போடுவது? வயலுக்குப் போகும் பெண்ணின் கூடையில் ரொட்டி இருக்கும், திரும்பும்போது இருக்காது. குதிரைப்படை வருகிறது என்றால் மாட்டுக்கொம்பு ஊதுவார்கள். மாட்டைக் கூப்பிடவும் ஆளைக் கூப்பிடவும் வழக்கமாக ஊதும் கொம்புதான். எந்த ஊதலுக்கு என்ன அர்த்தம் என்பது ஊருக்கு மட்டும் தெரியும். நைட்டிடம் ஒரு கறுப்புக் கொம்பு இருந்தது. அதன் சத்தம் காட்டில் இருந்தவர்களுக்கு அத்துப்படி.

அந்த உணவுப் பாதையில் நடந்தவர்களில் ரேச்சலும் ஒருவர். நைட் குடும்பத்தின் அடிமைப் பெண். 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் பிரகடனம் அவரை விடுதலையானவர் என்று அறிவித்திருந்தது. ஆனால் வடக்குப் படையின் பிடிக்குள் வராத அந்தக் காட்டில் அது எட்டாத காகிதம். வெள்ளைக் குடியானவன் படையிலிருந்து தப்பினால் அவனுக்கு வீடு உண்டு. ரேச்சல் பிடிபட்டால் என்ன கிடைத்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். அப்படியும் உணவு போனது, சேதியும் போனது. மோப்ப நாய்களின் மூக்கைக் கெடுக்க மிளகாய்த் தூளைத் தடத்தில் தூவும் உத்தியும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான் என்கிறது அந்தப் பக்கத்து வாய்மொழிக் கதை. ரேச்சலை மறந்துவிடாதீர்கள். இந்தத் தொடரின் கடைசி அத்தியாயம், 1948-ல் ஒரு நீதிமன்றத்தில், அவர் பெயரில்தான் போய் நிற்கும்.

1863 ஆகஸ்டில் கூட்டமைப்பு விழித்துக்கொண்டது. ஓடிப்போனவர்களைப் பிடித்துவர மேஜர் ஏமஸ் மெக்லெமோரை அனுப்பியது. சரியான தேர்வு. அவர் வெளியூர்க்காரர் இல்லை. இதே மண்ணில் மெத்தடிஸ்ட் பிரசங்கியாக இருந்தவர். பிரிவினையை முதலில் எதிர்த்துப் பேசியவர். போர் வந்ததும் ஒரு படைப்பிரிவைத் திரட்டினார். பைன் பிசின் ஒட்டிய குதிகால்களோடு நடப்பவர்கள் என்பதால் அதற்கு 'ரோசின் ஹீல்ஸ்' என்று பெயர்.

எந்தக் குடும்பம் எந்த ஓடைக்கு அப்பால் இருக்கிறது, யாருக்கு யார் மச்சான், எவன் எந்த வீட்டில் சாப்பிடப் போவான் என்பதெல்லாம் பிரசங்கிக்குத் தெரியாதா? சில வாரங்களில் 100-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் படைக்குத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு ஆளும் ஒரு வீட்டிலிருந்து போனான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பள்ளம் இருந்தது.

அக்டோபர் 5. எல்லிஸ்வில் ஊர்.

ஊரின் பெரிய மனிதரும் சட்டமன்ற உறுப்பினருமான ஏமஸ் டீசனின் வீட்டில் மெக்லெமோர் தங்கியிருந்தார். அந்த வீடு இன்றும் இருக்கிறது. முகப்பு கல் கட்டடம் போலத் தெரியும். கிட்டே போய்த் தொட்டால் மரம். கல் மாதிரி தோன்றும்படி செதுக்கிப் பொருத்திய பைன் பலகைகள். கூட்டமைப்புக்கு அந்த ஊரில் இருந்த பிடியும் ஏறக்குறைய அப்படித்தான்.

இரவு. உள்ளே கணப்பில் தீ எரிகிறது. மேஜரும் மற்ற அதிகாரிகளும் அந்த வெளிச்சத்தில் இருக்கிறார்கள். இந்த வீட்டுத் தரை மண்தரை இல்லை. வழவழப்பான பைன் பலகை. அதை யாரும் உப்புக்காகத் தோண்டியதில்லை. அந்தப் பலகையைப் பற்றி எல்லிஸ்வில் மக்கள் இன்றும் ஒரு கதை சொல்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒன்று அதில் ஊறிவிட்டதாம். மழை பெய்தால் மேலே வருமாம்.

வெளியே இருட்டில், அந்த வீட்டின் ஒவ்வொரு கதவையும் அறிந்த ஒருவர் நின்றார்.

கதவைத் தட்டவில்லை.

(தொடரும்)