அமானுஷ்ய ஆய்வும் அறிவியல் என்னும் தகுதியும்

முன்னுரை

அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் 1969-இல் பாராசைக்காலஜி சங்கத்தைத் தன் இணைப்பு அமைப்புகளுள் ஒன்றாக ஏற்றது. பத்தாண்டு கழித்து, அந்த அமெரிக்கச் சங்கத்தின் கூட்டத்தில் இயற்பியலறிஞர் ஜான் வீலர் அந்த இணைப்பை நீக்க வேண்டும் என்று வாதாடினார், இணைப்பு நீங்கவில்லை. டெலிபதி, வருவதை முன்னறிதல், மனத்தால் பொருளை அசைத்தல் ஆகியவற்றை ஆராயும் துறையை அறிவியல் எனலாமா என்ற வழக்கு இன்றும் தொடர்கிறது. இவற்றை ஆராய்வது அறிவியலுக்கு உட்பட்ட செயலே. ஆயினும் ஆராய்ச்சி நடக்கிறது என்பதாலேயே ஒரு துறை அறிவியலாகிவிடாது, அதன் விளைச்சலே அத்தகுதியைத் தரும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பொருளைக் கொண்டு விலக்க முடியாது

நம்ப முடியாதது என்ற காரணத்துக்காக ஒரு கேள்வியை ஒதுக்குவது அறிவியல் மரபுக்கு ஒவ்வாது. வானிலிருந்து கல் விழுகிறது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் பலர் பாமரர் பேச்சு என்றே தள்ளினர். 1803 ஏப்ரலில் பிரான்சின் லெக்ல் ஊரருகே கற்கள் பொழிந்தன. இயற்பியலறிஞர் ழான் பத்தீஸ்த் பியோ அங்கு நேரில் சென்று, பல ஊராரின் சாட்சியத்தைப் பதிந்து, கற்கள் சிதறிக் கிடந்த பரப்பை வரையறுத்து அறிக்கை தந்தார். ஐயம் பெரும்பாலும் அடங்கியது. நம்பாதவரும் அந்தக் கல்லைக் கையிலெடுத்துச் சோதிக்கலாம். சோதித்தால் அதே விடைதான் கிடைக்கும். அமானுஷ்ய ஆய்வையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

ட்யூக் பல்கலைக்கழகச் சோதனை

இத்துறையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜே. பி. ரைன். வட்டம், கூட்டல் குறி, அலைகள், சதுரம், விண்மீன் என ஐந்து குறிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து ஆக 25 சீட்டுகள் கொண்ட கட்டே அவருடைய கருவி. 1933–34-இல் நடந்த புகழ்பெற்ற சோதனையில் உதவியாளர் ஜே. ஜி. பிராட் ஒரு கட்டடத்தில் அமர்ந்து நிமிடத்துக்கு ஒரு சீட்டாகக் கவிழ்த்தபடியே எடுத்து வைத்தார். வேறொரு கட்டடத்திலிருந்து ஹூபர்ட் பியர்ஸ் என்ற மாணவர் அது எந்தக் குறி என்று ஊகித்து எழுதினார். 1,850 முயற்சிகளில் தற்செயலாக 370 சரியாகலாம். பியர்ஸுக்கு 558 சரியாக அமைந்தன.

இந்த எண்ணைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ரைனின் புள்ளியியல் முறையில் குறையில்லை என்று 1937-இலேயே கணிதப் புள்ளியியல் வட்டாரத்திலிருந்து சான்று வந்தது. குறை கணக்கில் இல்லை, கண்காணிப்பில் இருந்தது. பியர்ஸ் தம் இடத்தைவிட்டு எழுந்து போகவில்லை என்று உறுதிசெய்ய அங்கே ஒருவரும் இல்லை என்பதை 1966-இல் உளவியலாளர் சி. இ. எம். ஹான்சல் சுட்டிக்காட்டினார். இதனால் பியர்ஸ் ஏமாற்றினார் என்று ஆகாது. எளிய விளக்கம் ஒன்றுக்கு வழி திறந்திருக்கும்வரை அரிய விளக்கத்தை நிறுவ முடியாது என்பதே இதன் பொருள்.

காலத்தைப் பின்னோக்கிய நினைவு

2011-இல் சமூக உளவியலின் முன்னணி ஆய்விதழ் ஒன்று உளவியலாளர் டாரில் பெம்மின் ஒன்பது சோதனைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் பங்கேற்பாளருக்கு 48 சொற்கள் காட்டப்பட்டன. நினைவில் நின்றவற்றை அவர்கள் எழுதி முடித்த பிறகு, கணினி குலுக்கலில் எடுத்த 24 சொற்களை மட்டும் அவர்களுக்குப் பயிற்றுவித்தது. பின்னால் பயின்ற சொற்களையே அவர்கள் முன்னால் கூடுதலாக நினைவுகூர்ந்தனர் என்றார் பெம். ஸ்டூவர்ட் ரிச்சி, ரிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் மூவரும் இதே சோதனையைத் தனித்தனியே திரும்பச் செய்தனர். மூன்றிலும் விளைவு தென்படவில்லை.

பெம் கையாண்டவை அன்றைய உளவியலின் வழக்கமான முறைகள். அம்முறைகளால் காலத்தையே தலைகீழாக்க முடியுமென்றால், கோளாறு முறைகளில்தான் இருக்க வேண்டும் என்று உளவியலாளர் பலர் உணர்ந்தனர். கருதுகோளையும் பகுப்பாய்வையும் சோதனைக்கு முன்பே பதிவுசெய்யும் வழக்கம் வலுப்பெற இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். அமானுஷ்ய ஆய்வு அறிவியலுக்கு அளித்த உண்மையான கொடை இது.

எது குறைகிறது?

முதலாவதாக, இத்துறை தன் பொருளை எதிர்மறையாகவே வரையறுக்கிறது. புலன்வழி, ஊகம், தற்செயல், ஏமாற்று ஆகியவற்றை நீக்கியபின் எஞ்சுவதே அமானுஷ்யம் என்றால், நாம் நீக்க மறந்த ஒவ்வொன்றும் அமானுஷ்யமாகத் தோற்றம் தரும். இரண்டாவதாக, தோல்வியும் இங்கே சான்றாக்கப்படுகிறது. விளைவு மங்கினால் மங்குவது அதன் இயல்பு. ஐயுறுபவர் செய்து கிட்டாவிட்டால் அவருடைய ஐயமே அதைக் கெடுத்தது என்கின்றனர். எந்த முடிவு வந்தால் கொள்கையைக் கைவிடுவோம் என்று சொல்லாத கொள்கையைச் சோதிக்கவே முடியாது. மூன்றாவதாக, லண்டனில் உளநிகழ்வு ஆய்வுச் சங்கம் தோன்றிய 1882 முதல் இன்றுவரை, அடுத்த ஆய்வாளர் ஐயமின்றி மேலே கட்டக்கூடிய அடித்தளமாக ஒரு முடிவுகூட நிலைபெறவில்லை.

முடிவுரை

இத்துறையில் நேர்மையாக உழைப்பவரைப் போலிகள் என்று இகழ்வது அநீதி. தங்கள் சோதனைகளை முன்பதிவு செய்து, தோல்விகளையும் வெளியிடுவோர் அறிவியலாளருக்குரிய ஒழுக்கத்துடனே நடக்கின்றனர். ஆய்வுரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. ஆனால் முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி வேறு, நிலைநாட்டப்பட்ட அறிவு வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று சொல்லித் துயருற்றோரிடம் பணம் பறிப்பவர்க்கே அது துணைபோகும். ஐயுறுபவரின் கையிலும் மாறாமல் நிகழும் விளைவு ஒன்றை இத்துறை காட்டும் நாளில் அறிவியல் என்னும் தகுதியைத் தயங்காமல் அளிக்க வேண்டும், அதுவரை அளிக்கலாகாது.